வீட்டைச் சுமந்த சின்ன ஜீப்

ஒரு குடும்பத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள் அனைத்தையும் ஒரு சின்ன ஜீப்பில் ஏற்றிவிட முடியுமா? முடியும் என்று ஆண்டுதோறும் தெருவில் காட்டுகிறார்கள், தென் அமெரிக்காவில் உள்ள கொலம்பியா நாட்டுக் கோப்பி விவசாயிகள். கட்டில், மெத்தை, அலுமாரி, மேசை, கதிரை, அடுப்பு, சட்டி பானை, செடி நட்ட தகரப் பேணிகள், கூட்டில் அடைத்த கோழி. இவற்றுக்கிடையே திரு இருதய ஆண்டவரின் படம். எல்லாவற்றையும் அடுக்கிக் கயிறு போட்டு இறுக்கியிருப்பார்கள். அடியில் இருக்கும் வண்டி கண்ணுக்குத் தெரிவதே அரிது. அது மெல்ல ஊர்ந்து வரும்போது தெருவின் இருமருங்கிலும் நிற்கும் சனங்கள் கைதட்டி ஆரவாரம் செய்கிறார்கள்.

வீட்டுச் சாமானைக் கட்டி வண்டியில் ஏற்றுவது எத்தகைய வேலை என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வேலையை ஓர் ஊர் விழாவாகக் கொண்டாடுகிறது என்றால் அதன் பின்னால் இருப்பது என்ன என்று அறியும் ஆவல் எமக்கு எழுந்தது. தேடிப் படித்தபோது, எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட பழைய வண்டிகளை விவசாயிகள் எப்படிச் சொந்தமாக்கினார்கள், எப்படிப் பேணினார்கள், அவற்றில் எப்படி மகிழ்ச்சி காண்கிறார்கள் என்ற கதை கிடைத்தது. அதையே இங்கு தருகிறோம்.

ஊர்வலம் நடைபெறுவது கின்டியோ மாகாணத்தின் தலைநகரான ஆர்மேனியாவில். அப்பெயருடைய நாடு வேறு. இது அந்தீஸ் மலைச்சாரலில் உள்ள ஒரு நகரம். அங்குள்ளவர்கள் ஜீப் என்பதை 'யிப்' என்று உச்சரிப்பார்கள். அதிலிருந்து பிறந்த சொல் 'யிப்பாவோ'. ஒரு ஜீப் நிறைந்த சுமை என்பது அதன் பொருள். நாம் 'ஒரு வண்டில் விறகு', 'ஒரு ட்ரக்டர் பெட்டி மணல்' என்று அளந்து சொல்வதுபோல அவர்கள் 'ஒரு யிப்பாவோ வாழைக்காய்' என்பார்கள். பின்னர் ஊர்வலத்துக்கும் அதுவே பெயராயிற்று.

போருக்காகப் பிறந்தது

இந்த ஜீப்பின் பிறப்பு உழவுக்காக அன்று, போருக்காக. 1940ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம், குதிரையும் மோட்டார் சைக்கிளும் செய்த வேலையைச் செய்யக்கூடிய இலேசான நான்கு சில்லு வண்டியொன்றைக் கேட்டது. மாதிரி வண்டியைச் செய்து கொடுக்க 49 நாள்களே தவணை. பென்சில்வேனியா மாநிலத்தின் பட்லர் என்ற ஊரில் இருந்த பான்ரம் என்னும் சிறிய நிறுவனம் கார்ல் புரோப்ஸ்ற் என்ற பொறியியலாளரை அழைத்தது. அவர் சில நாள்களில் வரைபடத்தை முடித்தார். செப்டெம்பர் 23ஆம் திகதி மாதிரி வண்டி இராணுவத்திடம் சேர்ந்தது.

சிறிய நிறுவனம் வழியைக் காட்டியது. பெருந்தொகைக் கட்டளைகள் மற்றவர்களுக்குப் போயின. வில்லிஸ், போர்ட் ஆகிய இரு நிறுவனங்களும் போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6 இலட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகளைச் செய்து தள்ளின. வில்லிஸ் வண்டியின் பலம் அதன் எஞ்சின். நான்கு சிலிண்டர், 2.2 லீற்றர், 60 குதிரைவலு. இராணுவப் பதிவேட்டில் அதன் பெயர் 'கால் தொன் ட்ரக்'. கால் தொன் சுமக்கும் என்று எழுதப்பட்ட இந்த வண்டியே பிற்காலத்தில் மலைநாட்டு விவசாயிகளின் கையில் அதைப்போல் பலமடங்கு சுமந்தது.

வயலுக்கு வந்தது

போர் முடிந்ததும் இந்த வண்டியை யார் வாங்குவார்கள் என்ற கேள்வி எழுந்தது. போர் முடியுமுன்னரே வில்லிஸ் நிறுவனம் அதற்கு விடை தேடியிருந்தது. 1944இல் செய்த சோதனை வண்டிகளில் 'அக்ரி ஜீப்' என்று பெயர் பொறித்தது. 1945இல் 'சீ.ஜே. 2ஏ' என்ற வண்டி விற்பனைக்கு வந்தது. சீ.ஜே. என்பது பொதுமக்களுக்கான ஜீப் என்பதைக் குறிக்கும்.

இராணுவ வண்டிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடுகளைக் கவனித்தால் விவசாயியை மனத்தில் வைத்துச் செய்தது தெரியும். பின்புறத்தில் திறந்து மூடும் கதவு வந்தது. சாக்கு ஏற்ற அது தேவை. கலப்பையும் இழுவைப் பெட்டியும் பூட்டுவதற்குப் பின்னால் கொளுவி வைத்தார்கள். எஞ்சினின் சுழற்சியை வெளியே எடுத்து நீர்ப்பம்பியையோ மரமரியும் வாளையோ ஓட்டும் பொறியையும் விரும்பினால் பூட்டிக்கொள்ளலாம். பாரத்தோடு மெல்ல நகர்வதற்காகப் பற்சில்லு விகிதங்களையும் மாற்றினார்கள். இவ்வளவும் 3.3 மீற்றர் நீளமான ஒரு வண்டியில் அடங்கின. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில் 80 அங்குலந்தான். குறுகிய மலைப்பாதையில் திரும்புவதற்கு இந்தக் குறளே ஏற்றது.

மலையேறியது

1940களின் இறுதியிலும் 1950களிலும் வில்லிஸ் ஜீப்புகள் கொலம்பியாவை அடைந்தன. கோப்பி விளையும் மலைகளில் அதுவரை சுமை தூக்கியவை கோவேறு கழுதைகள். இன்றும் அந்நாட்டில் கோப்பியை அளக்கும் 'கார்கா' என்ற அளவு அக்காலத்தது. ஒரு கார்கா 125 கிலோ. ஒரு கோவேறு கழுதை இருபுறமும் சுமக்கும் பாரம் அது. மழை பெய்தால் களிமண் பாதை சறுக்கும். சந்தைக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் செல்லும்.

ஜீப் வந்தபோது விவசாயிகள் உடனே நம்பவில்லை. விற்க வந்தவர்கள் ஊர்ச் சதுக்கத்தில் சனம் கூடும் நாள் பார்த்து, கோவிற் படிக்கட்டுகளில் ஜீப்பை ஏற்றிக் காட்டினார்களாம். அங்குள்ள முதியோர் இதைச் சிரிப்போடு சொல்வார்கள். படியேறியதோ இல்லையோ, மலை ஏறியது. விரைவில் மக்கள் அதற்கு 'இயந்திரக் கோவேறு கழுதை' என்று செல்லப் பெயர் வைத்தார்கள். ஒரு பிராணியின் பெயரை இயந்திரத்துக்கு வைப்பது, வேலையிற் கூட்டாளியாக அதை ஏற்றுக்கொண்டதன் அடையாளம் என்று நாம் நினைக்கிறோம்.

காலையில் கோப்பிச் சாக்கும் வாழைக்குலையும். திரும்பும்போது உப்பு, பசளை, சீனி. பாடசாலைப் பிள்ளைகள், நோயாளிகள், பிரசவத்துக்குப் போகும் தாய்மார், சில வேளை சவப்பெட்டி. ஊருக்கு ஒரு ஜீப் இருந்தால் அது உரிமையாளனுக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. உள்ளே இடமில்லாதபோது பின்பக்கத்துத் தாங்கியில் நின்று கம்பியைப் பிடித்தபடி பயணம் செய்வார்கள். இன்றைக்கும் சலெந்தோ போன்ற சிற்றூர்களின் சதுக்கத்தில் வில்லிஸ் ஜீப்புகள் வரிசையாக நின்று ஆள் ஏற்றுகின்றன.

இடம்பெயர்ந்தோரின் வண்டி

இக்கதையில் மகிழ்ச்சி மட்டும் இல்லை. 1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி கொலம்பியாவின் தலைநகரான பொகொற்றாவில் ஹோர்ஹே எலியேசேர் கைத்தான் என்ற அரசியல் தலைவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் இரு கட்சிகளின் ஆதரவாளருக்கிடையே மூண்ட கொடுமையை அந்நாட்டவர் 'வன்செயல்' என்ற ஒற்றைச் சொல்லால் குறிப்பார்கள். பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் மாண்டனர் என்பது பொதுவான கணிப்பு. கோப்பி மலைகளிலும் அயல் மாகாணங்களிலும் விவசாயக் குடும்பங்கள் காணியை விட்டுப் பட்டணங்களுக்கு ஓடின. அக்கொடுமை ஓய்ந்த பின்னரும் வேறு வடிவில் போர் தொடர்ந்தது. உள்நாட்டிலேயே இடம்பெயர்ந்தோர் மிக அதிகமாக உள்ள நாடுகளில் கொலம்பியாவும் ஒன்று.

ஜீப்புகள் பெருகிய காலமும் மக்கள் பெயர்ந்த காலமும் ஒன்றே. காணியற்ற கூலிக் குடும்பங்களும் ஒரு தோட்டத்தில் வேலை முடிந்ததும் அடுத்த தோட்டத்துக்குச் சாமானோடு போயின. வீட்டைச் சுமந்த ஜீப் அந்த மக்கள் கண்ணாரக் கண்ட காட்சி. யிப்பாவோ ஊர்வலத்தில் கோப்பி, வாழை என்று விளைச்சல் ஏற்றிவரும் பிரிவுகளோடு, வீடு மாறும் குடும்பத்தின் சுமைக்கென ஒரு தனிப் பிரிவே உண்டு. எதைக் கீழே வைப்பது, எதை மேலே வைப்பது, கோழிக்கூட்டை எங்கே கட்டுவது, படத்தை எப்பக்கம் பார்க்க வைப்பது என்பதெல்லாம் பாட்டனிடமிருந்து பேரனுக்கு வரும் அறிவு.

1999 ஜனவரி 25ஆம் திகதி ஆர்மேனியாவை நிலநடுக்கம் தாக்கியது. அந்நகரிலும் சுற்றுப்புறத்திலுமாக ஆயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். பல்லாயிரம் பேர் வீடிழந்தனர். ஆகவே அந்நகரத் தெருவில் ஒரு வீட்டுச் சுமை போகும்போது கைதட்டுவோரிடம் பழைய நினைவும் புதிய நினைவும் உண்டு.

ஏன் இன்னும் ஓடுகிறது?

எழுபது ஆண்டுப் பழைய வண்டி இன்றும் ஓடுவதற்கு முதற் காரணம் அதன் எளிமை. பழைய வில்லிஸ் எஞ்சினில் வால்வுகள் பக்கவாட்டில் உள்ளன. மேல்மூடியைக் கழற்றுவது சாதாரணச் சாவிகளால் முடிகிற காரியம். அழுத்த விகிதம் ஆறரைக்கும் சற்றுக் குறைவு என்பதால் தரம் குறைந்த பெற்றோலிலும் அது ஓடும். 1953இல் வந்த 'சீ.ஜே. 3பீ' வண்டியில் சற்று உயரமான, கூடிய வலுவுள்ள எஞ்சினைப் பூட்டியதால் அதன் மூக்கு உயர்ந்திருக்கும். ஊரார் தூரத்திலிருந்தே மூக்கைப் பார்த்து வண்டியின் வயதைச் சொல்வார்கள்.

இரண்டாவது காரணம் உதிரிப்பாகம். ஒரே மாதிரியான வண்டிகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டன. இந்தியாவில் மகிந்திராவும் ஜப்பானில் மிற்சுபிஷியும் உரிமம் பெற்று இவ்வகை ஜீப்புகளைப் பல பத்தாண்டுகள் செய்தன. மிற்சுபிஷி 1998 வரை செய்தது. ஒன்றின் பாகம் மற்றொன்றுக்குப் பொருந்துவதால், செத்த ஜீப் ஒன்று உயிருள்ள மூன்றை வாழவைக்கும்.

மூன்றாவது காரணமே முக்கியமானது: உரிமையாளரின் கை. கிராமப் பணிகளில் நாம் கண்ட ஓர் அனுபவத்தை இங்கு சொல்ல வேண்டும். ஒருமுறை எமது வேலைத்திட்டமொன்றுக்குப் புத்தம் புதிய வாகனம் கிடைத்தது. அதைத் திருத்தத் தெரிந்தவர் எம்மிடையே இல்லை, பாகமும் இல்லை. சின்னதொரு பழுதோடு அது புளியமர நிழலில் நின்று துருப்பிடித்தது. அதன் பக்கத்தால் ஒரு பழைய உழவு இயந்திரம் தினமும் வேலைக்குப் போய்வந்தது. அதன் சொந்தக்காரருக்கு அதன் ஒவ்வொரு ஆணியும் தெரியும். எமக்கு அது வெட்கமாக இருந்தது, பாடமாகவும் இருந்தது. வாகனம் கொடுத்தோம், அதைத் திருத்தும் அறிவைக் கொடுக்க மறந்தோம்.

கியர்த் தடிகள் சொல்லும் பாடம்

வில்லிஸ் ஜீப்பில் கியர்த் தடிக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய தடிகள் உண்டு. ஒன்று முன் சில்லுகளுக்கும் வலுவைச் சேர்க்கும். மற்றது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும். மூன்று கியரும் இவ்வாறு ஆறாகின்றன. சேற்றிலும் செங்குத்திலும் மனிதன் நடக்கும் வேகத்தில் வண்டி ஊர்வது இதனாலே. முன் சில்லுகளைச் சேர்த்த பின்பே இழுவைத் தடியைப் போடவேண்டும். இல்லாவிட்டால் முழுப் பாரமும் பின் அச்சின் மேல் விழும்.

காய்ந்த தார் வீதியில் நான்கு சில்லுக்கும் வலுவைக் கொடுத்து ஓட்டக்கூடாது. வளைவில் திரும்பும்போது முன் சில்லும் பின் சில்லும் ஒரே தூரம் ஓடுவதில்லை. சேற்றில் அந்த வித்தியாசம் வழுக்கித் தீரும். தார் வீதியில் தீராது. ரயரைத் தின்னும், பற்சில்லை உடைக்கும். இதை அறிந்த சாரதியின் வண்டி நீடித்து ஓடும்.

பழைய ஜீப் ஒன்றை வாங்க எண்ணுவோர் எங்கும் உள்ளனர். அவர்களுக்கு அனுபவசாலிகள் சொல்வது இது: வர்ணத்தைப் பார்த்து மயங்காதீர்கள், நிலத்தில் படுத்து அடியைப் பாருங்கள். தரைத் தகட்டின் கீழுள்ள வளைகளில் நீர் தங்கித் துரு பிடிக்கும். சட்டத்தில் வெடிப்பும் ஒட்டு வேலையும் உண்டா என்று தடவிப் பார்க்கவேண்டும். முன் சில்லைத் தூக்கி அசைத்தால் ஆட்டம் தெரியும். அந்த ஆட்டம் ஓட்டத்தில் கைபிடியையே உதறவைக்கும். பெற்றோல் தாங்கி சாரதியின் இருக்கைக்குக் கீழே இருப்பதால் ஒரு துளிக் கசிவும் ஆபத்து. பிரேக் குழாய் நான்கு சில்லுக்கும் ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் எல்லாப் பிரேக்கும் போகும். இவற்றைச் சீராக்கிய பின்பே மினுக்குவது பற்றி யோசிக்கலாம்.

மகிழ்ச்சியும் அதன் விலையும்

பழைய வண்டியில் ஆசை வைப்பது செலவான காரியம் என்பதையும் மறைக்கக்கூடாது. வில்லிஸ் எஞ்சின் பெற்றோல் குடிப்பதில் வல்லது. புகையும் அதிகம். கொலம்பியாவிலேயே பலர் பழைய எஞ்சினைக் கழற்றி வேறு எஞ்சின் பூட்டியிருக்கிறார்கள். பழமை கெட்டது என்று சேகரிப்போர் வருந்துவர். நாளாந்தம் உழைப்பவனுக்கு அந்த வருத்தம் இல்லை. அளவுக்கு மீறிய சுமையாலும் வெளியே தொங்கும் ஆட்களாலும் விபத்துகள் நேரும். ஊர்வலத்தில் ஒரு விளையாட்டு உண்டு. பின் அச்சுக்கு அப்பால் சுமையை ஏற்றி, முன் சில்லுகள் அந்தரத்தில் எழும்ப, இரண்டு சில்லில் வண்டியைச் சுழலவிடுவார்கள். சனம் மிக விரும்பும் காட்சி அது; பார்த்துப் பழகவேண்டிய விளையாட்டு அல்ல.

1989இல் சர்வதேசக் கோப்பி உடன்படிக்கையின் பங்கீட்டு முறை குலைந்தபோது கோப்பி விலை சரிந்தது. அத்தகைய காலங்களில் பழைய வண்டியைப் பேணுவது ஆசை என்பதைவிடத் தேவையாகவே இருந்தது. பின்னர் வேறொரு வாசல் திறந்தது. 2011இல் கொலம்பியாவின் கோப்பிப் பண்பாட்டு நிலப்பரப்பை உலக மரபுரிமையாக யுனெஸ்கோ அறிவித்தது. உல்லாசப் பயணிகள் வந்தார்கள். சலெந்தோவிலிருந்து கொகோராப் பள்ளத்தாக்கின் உயர்ந்த மெழுகுப் பனைகளைப் பார்க்கப் போவோர், சொகுசு வாகனத்தை விட்டு வில்லிஸ் ஜீப்பில் ஏறி நின்று போகவே விரும்புகிறார்கள். தகப்பன் கோப்பி ஏற்றிய வண்டியில் மகன் பயணிகளை ஏற்றிப் பிழைக்கிறான்.

அங்குள்ள உரிமையாளர்கள் தங்கள் ஜீப்புகளை எப்படிப் பேணுகிறார்கள் என்பதைப் பார்த்தால் மனம் மகிழும். சிவப்பு, பச்சை, மஞ்சள் என வர்ணம் பூசி, மழைக்கூரைச் சீலையைத் தைத்து, முன் கம்பிகளைக் கண்ணாடிபோல் துலக்கி வைக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் குடும்பத்தோடு சதுக்கத்துக்கு வருவது ஒரு பெருமை. அது பணக்காரனின் பெருமை போன்றதன்று. 'இது எங்களைச் சுமந்தது, நாங்கள் இதைப் பார்த்துக்கொண்டோம்' என்ற பெருமை.

ஊர்வலத்துக்குத் திரும்புவோம்

ஆர்மேனியா நகரம் 1889 ஒக்டோபர் 14ஆம் திகதி நிறுவப்பட்டது. ஒவ்வோர் ஒக்டோபரிலும் நடக்கும் நகர விழாவில் ஜீப்புகள் அணிவகுக்கின்றன. கோப்பி ஏற்றியது ஒன்று, வாழைக்குலையால் மூடப்பட்டது ஒன்று, கைப்பணிப் பொருள் தொங்கவிட்டது ஒன்று. பின்னர் வீட்டைச் சுமந்தவை வருகின்றன. அவற்றில் அடுக்கியிருக்கும் பொருள்களில் விலையுயர்ந்தது எதுவும் இல்லை. கரிபிடித்த சட்டி, கால் உடைந்து கட்டிய கதிரை, மூலை மங்கிய படம். ஓடும்போது எது கைக்கு வந்ததோ, எதை விட மனம் வரவில்லையோ, அதுதான் சுமை.

அந்தச் சுமையை ஒரு காலத்தில் இருட்டில், பயத்தோடு, எவரும் காணாதபடி கொண்டுபோனார்கள். இன்று பகலில், வாத்தியம் முழங்க, நடுத் தெருவால் கொண்டுவருகிறார்கள். இழந்த காணி அதனால் மீண்டு வந்துவிடாது. ஆனால் நாம் பட்டதை மறைக்கத் தேவையில்லை, பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்ற துணிவு அவர்களுக்கு வந்திருக்கிறது. அந்தத் துணிவுக்கு ஒரு பழைய வண்டி உதவியிருக்கிறது.

அன்பான வாசகர்களே, உங்கள் குடும்பத்தையும் ஏதோ ஒன்று சுமந்திருக்கும். மாட்டுவண்டிலோ, ட்ரக்டர்ப் பெட்டியோ, ஒரு சைக்கிளோ. அது இன்னும் உங்களிடம் இருந்தால் துருவைத் துடைத்து, எண்ணெய் விட்டு வையுங்கள். அன்று எதை முதலில் ஏற்றினோம், எதை விட்டுவிட்டு வந்தோம் என்று பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். அப்போது அதன் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கலாம்.